விரல் படாத நாற்பத்தொரு நாள்

தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க அந்த டேப்லெட்டத் தடவித் தடவிப் படிக்கதப் பாத்தா எனக்குக் கை கூசுது. படிங்க, படிங்க. உங்க பொருளு, உங்க விரலு. நான் வேணா சன்னல் பக்கம் பாத்துக்கிடுதேன்.

ஆனா ஒண்ணு கேக்கேன். உள்ள ஓடுதது என்னன்னு தெரியுமா? தலைய ஆட்டுதீங்க. தெரியாது. நூத்துக்குத் தொண்ணூறு பேருக்குத் தெரியாது. நான் முக்கூடல்ல இறங்கிருவேன், அது வரைக்கும் நேரம் கெடக்கு. சொல்லுதேன். உங்களுக்குச் சோலி இருந்தா சொல்லிருங்க, நிப்பாட்டிருதேன். நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுத ஆளுதான் நான்.

எம்பேரு கோமதிநாயகம். நூற்பாலையில கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல முப்பது வருஷம் இருந்தேன், இப்ப ரிட்டயர்டு. லினக்ஸுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? கம்ப்யூட்டர் ஓடணும்னா அடியில ஒரு மென்பொருள் வேணும்லா, அந்த வகையறா. யாரு வேணா எடுக்கலாம், திருத்தலாம், தனக்கு ஏத்தாப்புல கட்டி ஒரு பேரு வச்சு வெளிய விடலாம். கேக்க ஆள் கிடையாது. உலகம் பூரா அப்படி நூத்துக்கணக்குல இருக்கு. அதுல ஒண்ணு எங்களுது. பேரு பொருநை. பதினஞ்சு வருஷமா நானும் ஜெபமணியும் நடத்திக்கிட்டு வாரோம். எல்லாம் தமிழ்ல வரும், பழைய கம்ப்யூட்டர்ல கூட ஓடும். எத்தனையோ நூலகம், பள்ளிக்கூடம், ஒரு அச்சாபீஸு, எல்லாத்துலயும் நம்ம பொருநைதான்.

ஜெபமணி காலேஜுல பிசிக்ஸ் வாத்தியாரா இருந்தவரு. தங்கமான மனுஷன். பிடிவாதந்தான் சாஸ்தி. நான் அப்படி இல்ல. தெனம் சாயங்காலம் பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடையில ரெண்டு பேரும் டீ குடிப்போம். பதினஞ்சு வருஷமா சண்டை போட்டுக்கிட்டே குடிச்சிருக்கோம். ஒரு நாளு விட்டது கிடையாது.

போன வருஷம் ஒரு கூட்டம். எங்க கூட்டம்னா அஞ்சு பேரு, ஒரு தட்டு முறுக்கு, ஜெபமணி வீட்டு மாடி. அன்னைக்கு மனுஷன் எந்திரிச்சு நின்னு, இனிமே பொருநை டேப்லெட்லயும் போன்லயும் ஓடணும்னாரு. எனக்குக் கையில இருந்த முறுக்கு கீழ விழுந்துட்டு. ஏன்னு கேட்டேன். ஊருக்குள்ள போயிப் பாரும், எவன் வீட்டுல இப்ப கம்ப்யூட்டர் இருக்கு, எல்லாரு கையிலயும் இருக்கது இந்தக் கண்ணாடிதான்னாரு. மேசை மேல இருக்கதுக்கு மட்டுமே செஞ்சுக்கிட்டு இருந்தோம்னா இன்னும் அஞ்சு வருஷத்துல நாமளே செஞ்சு நாமளே பாத்துக்கிட வேண்டியதுதான்னாரு. வித்தவன் ரெண்டு வருஷத்துல கைய விரிச்சிருதான், நல்லா இருக்க மிஷினு குப்பைக்குப் போவுது, அத நாமதான் எழுப்பணும்னு ஒரே பேச்சு.

நான் விடல. விடலாமா? மேசைக் கம்ப்யூட்டர எவன் செஞ்சாலும் உள்ள ஒரு ஒழுங்கு இருக்கும். டேப்லெட்டுக்கு அதெல்லாம் கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சிப்பு, ஒவ்வொரு சிப்புக்குள்ளயும் ஒரு ரகசியம். கேமரா எப்படி ஓடுதுன்னு செஞ்சவன் வாயத் தொறக்க மாட்டான். நாம மண்டைய ஒடச்சுக் கண்டுபிடிக்கதுக்குள்ள அந்த மாடலே கடையில இருக்காது. இருக்கது அஞ்சு பேரு, அதுல மூணு பேரு முறுக்குக்கு வாராங்க. ஒரு பந்திக்கே பரிமாற ஆள் இல்ல, ரெண்டாவது பந்திக்கு இலை போடச் சொல்லுதீரேன்னு கேட்டேன். நல்லா கேட்டேன்லா? ரெண்டு மணி நேரம் பேசினேன். மூணு பேரும் வாயத் தொறக்கல. முறுக்கு வாயில இருந்துது.

ஜெபமணிக்கு ஒரு அவசரம் வேற. முக்கூடலத் தாண்டி ஒரு சின்ன ஊருல, தங்கபுஷ்பம்னு ஒரு டீச்சர், பீடி சுத்துத பொம்பளைங்களுக்குச் சாயங்கால வகுப்பு எடுக்காங்க. படிப்ப பாதியில விட்டவங்க இருபத்திரண்டு பேரு, பத்தாங்கிளாஸ் பரீட்சை தனியா எழுதப் போறாங்க. ஒரு காலேஜுல ஒதுக்கிப் போட்ட டேப்லெட் இருபத்திரண்டு அவங்களுக்குக் கெடச்சிருக்கு, எல்லாம் ஒரே மாடல். பழசானதால பாடம் ஒண்ணும் அதுல தொறக்க மாட்டேங்கு. ஜெபமணி அந்தம்மாகிட்ட, நான் எழுப்பித் தாரேன்னு வாக்குக் கொடுத்துட்டாரு. எங்ககிட்ட கேக்காமலே.

நான் எதிர்க்கேன்னு சொன்னேன். எங்க குழுவுல ஒரு விதி உண்டு பாத்துக்கிடுங்க. எவன் ஒண்ண எதிர்க்கானோ, அவந்தான் அத வீட்டுக்குக் கொண்டு போயி, நாள்கணக்கா அத மட்டுமே வச்சு ஓட்டி, குறை என்னன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். அப்பந்தான் எதிர்ப்பு செல்லும். அருமையான விதி. நான் போட்டதுதான். முன்னால எங்க குழுவுல ஒருத்தன் என்ன சொன்னாலும் வேண்டாம்பான், பட்டன் நீலமா இருந்தாலும் வேண்டாம்பான், பச்சையா இருந்தாலும் வேண்டாம்பான். அவன அடக்கப் போட்டேன். அவன் கோவிச்சுக்கிட்டுக் குழுவ விட்டே போயிட்டான். அதுக்குப் பொறவு எதிர்க்கதுக்கு நான் ஒருத்தந்தான், விதி போட்டவன்கிட்ட போயி விதியக் காட்டுதது எப்படின்னு எல்லாரும் மரியாதைக்குச் சும்மா இருந்தாங்க. அன்னைக்கு ஜெபமணி காட்டிட்டாரு.

எத்தனை நாளுன்னு அடுத்த சண்டை. சர்ச்சுல லெந்து நோன்பு இருக்க மாதிரி நாப்பது நாளு வைங்கன்னாரு அவரு. ஒரு மண்டலம்னா நாப்பத்தொண்ணுன்னேன் நான். அந்த ஒரு நாளுக்கு அரை மணி நேரம் போச்சு. கடைசியில நாந்தான் ஜெயிச்சேன். அனுபவிக்கப் போறது நான்ங்கது அப்ப தோணல.

சரி, அந்த மாடல்ல ஒண்ணுல ஜெபமணி பொருநைய ஏத்திக் கொடுத்தாரு, வீட்டுக்குக் கொண்டு வந்தேன். போட்டதும் பாஸ்வேர்டு கேக்கு. விரல கண்ணாடிகிட்ட கொண்டு போறேன், மனசு வரல. முப்பது வருஷம் கீபோர்டுல அடிச்ச விரலு தம்பி. டக்கு டக்குன்னு சத்தம் வரணும், கீழ அமுங்கணும். கண்ணாடியத் தடவி எழுத்து எழுதுததுக்கு நான் என்ன மை தடவிக் குறி சொல்லுதவனா? பாத்தா, அடியில ஒரு சின்ன ஓட்டை. என் பழைய கீபோர்டு வயர அதுல சொருகினேன். கூட ஒரு மவுஸு. டேப்லெட்டச் சுவத்துல சாய்ச்சு வச்சேன். அம்சமா ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி ஆயிட்டு. நாப்பத்தொரு நாளும் அப்படித்தான். ஒரு நாளு தூசி துடைக்கத் தொட்டிருப்பேன்.

இது ஏமாத்தா, நீங்களே சொல்லுங்க. விதியில எங்கயாவது விரலால தொடணும்னு இருக்கா? இல்ல. நான் எழுதின விதி, எனக்குத் தெரியாதா?

நாப்பத்திரண்டாம் நாளு அறிக்கை கொடுத்தேன். எல்லாம் ஓடுது, பாஸ்வேர்டு எடுக்கு, பாடம் தொறக்கு, எழுத்து ஒழுங்கா வருது. குறைன்னு நாலு எழுதினேன். கைரேகை படியும். வெயில்ல தெரியாது. மடியில வச்சா சூடு. கொள்கைக்கு விரோதம். ஜெபமணி வாசிச்சுப் பாத்துட்டு, மொத மூணு கண்ணாடியோட குறை, நாலாவது உம்ம குறைன்னாரு. தீர்மானம் நிறைவேறிட்டு. நாப்பத்தொரு நாள் சோதித்தவர் கோமதிநாயகம்னு கையெழுத்தும் போட்டேன். என் பேரப் பாத்தா போதும், ஜெபமணி மறுபடி சோதிக்க மாட்டாரு. அவ்வளவு நம்பிக்கை. அவரு வச்சிருந்த மிஷினுக்குப் பாஸ்வேர்டே கிடையாது, நேரா உள்ள போயிரும். வீட்டுல ஆம்பளைங்களும் பிள்ளைங்களும் எடுத்து நோண்டுதாங்க, அதனால ஆளுக்கொரு பாஸ்வேர்டு வேணும்னு டீச்சர் கேட்டதால, அவங்க இருபத்திரண்டுக்கும் மட்டும் போட்டாரு. பழசெல்லாம் அழிச்சுட்டு எல்லாத்துலயும் பொருநைய ஏத்தினாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை. அந்த ஊரு சமுதாயக் கூடம். பரீட்சைக்கு இன்னும் அஞ்சு வாரம். இருபத்திரண்டு பேரும் மடியில பீடித் தட்டோட உக்காந்திருக்காங்க. படிக்காங்கன்னு கையி நிக்காது, சுத்திக்கிட்டே இருக்கும். ஒவ்வொருத்தருக்கு முன்னாலயும் ஒரு டேப்லெட்டு. ஜெபமணி புதுச் சட்டை போட்டுட்டு வந்து ஒரு சின்னப் பிரசங்கமே வச்சாரு. எல்லாரும் போடுங்கம்மான்னாரு. போட்டாங்க. பாஸ்வேர்டு கேட்டுது.

அம்புட்டுத்தான். பொட்டி கேக்கு, அடிக்கதுக்கு எழுத்து வரல. தொட்டாங்க. தட்டினாங்க. ஒண்ணுமில்ல. மொத வரிசையில பூரணம்னு ஒருத்தி, நாப்பது வயசு இருக்கும். மெதுவா, அண்ணாச்சி, எழுத்து எங்கன இருந்து வரும்னு கேட்டா.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிட்டு. திரையில எழுத்துப் பலகைய வர வைக்கிற மென்பொருள், பாஸ்வேர்டு போட்டு உள்ள போன பொறவுதான் ஓட ஆரம்பிக்கும். பாஸ்வேர்டு போடணும்னா பலகை வேணும், பலகை வரணும்னா பாஸ்வேர்டு போடணும். ஒரே ஒரு நாளு, மொத நாளு, அந்தக் கண்ணாடிய விரலால தொட்டிருந்தேன்னா கண்டுபிடிச்சிருப்பேன். கண்டுபிடிச்சிருந்தா, வே ஜெபமணி, வாசக்கதவே தொறக்க மாட்டேங்குன்னு சொல்லி அன்னைக்கே கூட்டத்துல ஜெயிச்சிருப்பேன். தொடாததாலதான் தோத்தேன்.

ஜெபமணி என்னைத் திரும்பிப் பாத்தாரு. என் மஞ்சப் பையப் பாத்தாரு. பையில இருந்து கீபோர்டு வயரு வெளிய தொங்கிக்கிட்டு இருந்துது. எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டு போயிருந்தேன்.

"நாப்பத்தொரு நாளும் பாஸ்வேர்ட எதால அடிச்சீரு?"

கீபோர்ட எடுத்துக் கொடுத்தேன். ஒரு கீபோர்டு, இருபத்திரண்டு டேப்லெட்டு. பூரணம்கிட்ட இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணாச் சொருகி, பாஸ்வேர்டு அடிச்சு, உருவி, அடுத்ததுக்குப் போயி, கடைசி வரிசைக்கு வாரதுக்கு ஒரு மணி நேரம் ஆயிட்டு. திரும்பிப் பாத்தா மொத வரிசையில டேப்லெட்டெல்லாம் தூங்கிப் போயி, மறுபடியும் பாஸ்வேர்டு கேக்கு. பொம்பளைங்க முதல்ல சிரிச்சாங்க. பொறவு சிரிக்கல. பழசும் போச்சு, புதுசும் தொறக்கல, பரீட்சை அஞ்சு வாரத்துல. தங்கபுஷ்பம் டீச்சர் கரும்பலகையில எழுதி நடத்திக்கிடுதேன் சார்னு சொன்னாங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவலை.

ஜெபமணி எங்கூட வரல. தனி பஸ்ஸுல போயிட்டாரு. மறுநாள் சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன், ஆளு இல்ல. அடுத்த நாளும் இல்ல. போன் போட்டேன், எடுக்கல. பதினஞ்சு வருஷமா என் கையெழுத்த நம்பின மனுஷன் தம்பி. அவரு இனிமே எங்கூடப் பேசுவாரா மாட்டாராங்கது ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடிச்சு. நான் அந்தக் கடையில டீ குடிக்கதையே விட்டுட்டேன். வீட்டுல குடிச்சேன், அதெல்லாம் டீயில சேத்தி இல்ல.

அந்தத் திங்கக்கிழமை காலையிலயே நான் முக்கூடலுக்கு பஸ் ஏறினேன். குற்ற உணர்ச்சி அது இதுன்னு நெனைக்காதீங்க. டேப்லெட்டுல லினக்ஸ் சரிப்பட்டு வராதுன்னு ஆதாரத்தோட காட்டணும்னு போனேன். அதுக்கு மொதல்ல அத ஓட வைக்கணும்லா? ரெண்டு நாளுல வாசல்லயே எழுத்துப் பலகை வர மாதிரி செஞ்சேன். அப்பவும் சரிப்படாதுன்னுதான் சொன்னேன்.

பலகை வந்துட்டு, பூரணம் தொட்டா எடுக்க மாட்டேங்கு. நான் தொட்டா எடுக்கு. என்னடான்னு பக்கத்துல உக்காந்து பாத்தா, அவ விரல் நுனியால தொடல. மொளியால தட்டுதா. நடுவிரல மடக்கி, கதவத் தட்டுத மாதிரி. உள்ளங்கை தெரியாம பட்டா அத விரலுன்னு எடுத்துக்கிடக் கூடாதுன்னு மென்பொருள்ல ஒரு ஏற்பாடு உண்டு. அகலமா எது பட்டாலும் தள்ளிரும். அது மொளியையும் உள்ளங்கைன்னு நெனைச்சுத் தள்ளிட்டு. இருபத்திரண்டு பேரும் மொளியாலதான் தட்டுதாங்க. நுனி விரலால தொடும்மா, அதுதான் முறைன்னேன். அவ ரெண்டு கையையும் என் மூஞ்சிக்கு முன்னால விரிச்சுக் காட்டினா. ஒரு கையில வெட்டின இலை, ஒரு கையில நூலு, பத்து விரல்லயும் புகையிலைத் தூளு.

"விரலுக்கு வேற சோலி இருக்கு அண்ணாச்சி. சும்மா இருக்கது மொளிதான்."

பதினஞ்சு வருஷமா நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், நீங்க பிடிக்கது தப்பு, அழுத்துதது தப்புன்னு. அந்தக் கையிகிட்ட என்னத்தச் சொல்ல? வாய மூடிக்கிட்டு அளவு எடுத்தேன். இருபத்திரண்டு பேரு மொளியையும் கண்ணாடியில தட்டச் சொல்லி, எம்புட்டு அகலம்னு எழுதி, அதுக்குத் தக்கன மென்பொருள்ல இருந்த அளவ மாத்தினேன். உலகத்துல வேற எவனும் மொளிக்குன்னு அளவெடுத்துச் செஞ்சிருப்பான்னு எனக்குத் தோணல. பெருமைக்குச் சொல்லல. பெருமைதான், ஆனா அதுக்குச் சொல்லல.

அதுக்கு எத்தனை தடவை போனேன்னு கேக்கீங்களா? அஞ்சு வாரமும் போனேன். சும்மா, போற வழின்னு. பாளையங்கோட்டையில வீடு, முக்கூடல் எப்படிப் போற வழின்னு என் வீட்டம்மாவும் கேட்டா. என் விரலும் பழகிட்டு. நானே ஒரு நாளு வீட்டு டிவி கண்ணாடியத் தள்ளிப் பாத்திருக்கேன், பக்கம் மாறலியேன்னு.

பரீட்சை முடிஞ்சு முடிவும் வந்துது. இருபத்திரண்டுல பத்தொம்பது பேரு பாஸு. பூரணம் பாஸு. கணக்குல அம்பத்தெட்டு. ரெண்டு தடவை விட்ட பாடம் அது. தேறாத மூணு பேரு அடுத்த தடவைக்குப் படிக்காங்க.

அந்த வாரந்தான் ஜெபமணிகிட்ட இருந்து ஒரு மெயில். ஒரு வார்த்தை இல்ல, ஒரு கோப்பு மட்டும். டேப்லெட்டுக்கான பொருநைய ஊரறிய வெளியிடப் போறாங்க, அதோட குறிப்பு. சோதிச்சவன் பாத்துட்டு அனுப்பினாத்தான் வெளிய போகும். தொறந்து வாசிச்சேன். கேமரா ஓடாதுன்னு ஒழுங்கா எழுதியிருந்தாரு. கடைசி வரி, நாப்பத்தொரு நாள் சோதித்தவர் கோமதிநாயகம். பழைய வரியே. எடுக்கவும் இல்ல, மாத்தவும் இல்ல. அப்படியே விட்டு அனுப்பியிருக்காரு.

நான் அப்படியே திருப்பி அனுப்பியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது? அவரு ஒருத்தருக்குத் தெரியும். அந்த வரியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன் தம்பி. என் வாழ்க்கையில நான் கையெழுத்துப் போட்ட ஒரே பொய்யி அதுதான். விதியில இல்ல, ஓட்டை இருந்துது, சொருகினேன், அதெல்லாம் உங்ககிட்ட சொல்லுதது. எனக்கு நானே சொல்லிக்கிட முடியல. வெக்கமா இருந்துது. அந்த வரிய அழிச்சேன். கோமதிநாயகம் சோதிக்கவில்லை, சோதித்தவர்கள் கீழே உள்ளவர்கள்னு எழுதி, பூரணம்னு ஆரம்பிச்சு இருபத்திரண்டு பேரு பேரையும் வரிசையா அடிச்சேன். தேறாத மூணு பேரையும் விடல. அனுப்பிட்டேன்.

காலையில பதினொரு மணிக்கு அனுப்பினது. பன்னிரண்டுக்குள்ள போன் அடிச்சுட்டு. ஜெபமணி. ரெண்டு மூணு மாசத்துக்குப் பொறவு அந்தக் குரலக் கேக்கேன். நலமான்னு கேக்கல, சண்டையும் போடல, நேத்துப் பேசி விட்ட எடத்துல இருந்து எடுத்த மாதிரி ஆரம்பிக்காரு.

"நாயகம், அவங்களுக்குக் கீழ இருபத்து மூணாவதா உம்ம பேரச் சேத்திருக்கேன். நீரு போனது வந்தது எல்லாம் தங்கபுஷ்பம் சொன்னாங்க. ஆட்சேபம் ஏதும் உண்டுமா வே?"

பதினஞ்சு வருஷமா அந்த மனுஷன் எதக் கேட்டாலும் உண்டுன்னு சொல்லிப் பழகின வாயி. டீயில சீனி போதுமான்னு கேட்டாக்கூட ஆட்சேபம் சொல்லியிருக்கேன். அன்னைக்கும் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வந்தது வேற. "இல்ல வே"ன்னேன்.

உடனே, "என்னவே, உடம்புக்கு ஏதும் முடியலையா?"ன்னு கேட்டாரு. நிஜமாவே பதறிட்டாரு தம்பி.